அரைப் பேர்

முந்நூறு வெள்ளிக் கடனை அடைக்காமல்
சிங்கப்பூருக்குப் போன மோகனசீலன்
ஈடாக விட்டுப்போனது
ஒரு கண்ணாடித் தொட்டி,
ஒரு மஞ்சள் பல்பு,
ஒரு தாடி ஓணான்.

வந்த அன்றே தாடியைக் கறுப்பாக உப்பி
என்னை முறைத்தது.
பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைப்
பார்க்கிற பார்வை.
கிராணி என்று பெயர் வைத்தேன்.

பகாவில் வெயிலுக்கா பஞ்சம்
என்று சிரித்தார் ஹார்ட்வேர் கடை ஆ செங்.
உண்மைதான்.
தார் இளகும் வெயில்,
லாரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழம்
ரோட்டிலேயே எண்ணெய் விடும் வெயில்,
அவர் கடைப் பூனை ஐந்தடிப் பாதையில்
நிழலோடு நிழலாக நகரும் வெயில்.
எங்கள் ஜன்னலும் கிழக்குப் பார்த்ததுதான்.
ஆனால் கண்ணாடி ஒரு டோல் சாவடி.
வெளிச்சத்தைப் போகவிட்டு
எலும்புக்கு வேண்டியதைப்
பிடித்து வைத்துக்கொள்ளும்.

கிராணிக்குப் பின்னங்கால் நடுங்கியது.
வெட்டுக்கிளி முகத்தருகே தாண்டியும்
நாக்கு நீளவில்லை.
சிரம்பான் மிருக வைத்தியர்
மஞ்சள் பல்பின் படத்தைப் பார்த்துவிட்டு,
சூடு வேறு, வெயில் வேறு
என்று மட்டும் சொன்னார்.
அதற்கு அறுபது வெள்ளி.

ஆலை எடைமேடையில்
ஒரு லாரிக்கும் மறு லாரிக்கும் நடுவே
நான்கு இரவு விளக்குப் படித்தேன்.
சுருள் விளக்கு மலிவு,
ஒரு சாண் தாண்டினால் அதன் வீரம் முடிந்தது.
நீளக் குழலில்தான் கண்ணுக்குத் தெரியாத வெயில்.
அதுவும் தொட்டியில் பாதிக்கு மேல் நீளம் வேண்டும்.
சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம்,
அது ஆ செங்கின் சாமி மேடையில் எரியட்டும்.
இரவு இரவாக இருந்தால்தான்
கிராணிக்குத் தூக்கம்.

இத்தோடு விடாமல்
மேற்கொண்டு ஒரு வெள்ளை எல்.இ.டி. கேட்டார்கள்.
அதில் சூடும் இல்லை, மருந்தும் இல்லை.
பகல் என்று சொல்வதற்கு மட்டும் ஒரு விளக்கு.
எண்பத்தைந்து வெள்ளி.
பகலை யாராவது சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வேண்டுமாம்.
அதன் உச்சந்தலையில்
செதிலோடு செதிலாக இன்னொரு கண்.
அது எரிக்காது. அதற்கு உருவம் தெரியாது.
வெளிச்சம் வந்ததா, எவ்வளவு, எத்தனை மணிவரை
என்று செக்ரோல் மட்டும் எழுதும்.
மோகனசீலனின் மஞ்சள் பல்புக்கு
இத்தனை மாதமும்
அரைப் பேர்தான் போட்டிருக்கிறது.

குழல் கூரியரில் வந்தது.
எல்.இ.டி.யை ஆ செங்கிடம் வாங்கினேன்.
மீன் தொட்டிக்கா என்றார்.
ஓணானுக்கு என்றேன்.
தன் கடையின் மங்கிய கூரையை
ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு
மீதிச் சில்லறை தந்தார்.

கம்பி வலைக்கு மேலே, கண்ணாடி குறுக்கிடாமல்,
கிராணி ஏறும் கல்லிலிருந்து
ஒரு முழத்துக்குள் அடங்கும்படி மாட்டினேன்.
டைமரை ஏழுக்கு வைத்தேன்.

ஏழு.
ஒரு சொடக்கு.
தொட்டிக்குள் விடிந்தது.
கிராணி கல்லேறி, உடம்பைத் தட்டையாக்கி,
வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டது.
ராத்திரி வேலைக்காரன் நான்
திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.

மதியம் எழுந்து வந்தால்
தையல் மெஷின் இடம் மாறியிருந்தது.
தொட்டியை ஒட்டி
புஷ்பலீலா.
பள்ளிக்கூடக் காற்சட்டைகள் ஒரு குவியல்,
கடும்பச்சைத் துணியில் கடும்பச்சை நூல்.
ஊசிக் காதில் நூல்
ஒரே தடவையில் நுழைவதைப் பார்த்தேன்.

தையலுக்கு ஒரு நல்ல லைட் போடச் சொல்லி
இரண்டு வருஷம் கேட்டாள்.
அதை அவள் இப்போது சொல்லவில்லை.
இது எப்ப அணையும் என்றாள்.
ஏழுக்கு.
எட்டாக்குங்க.

கிராணி ஒரு கண்ணை மூடி
மறு கண்ணால் என்னையே பார்த்தது.
உச்சிக் கண் என்ன எழுதியதோ.
நான் முள்ளை
எட்டுக்கு நகர்த்தினேன்.