வந்த காரியம்

முதுநகரில், மோட்டார் பம்ப் கடைக்கு மேலே
வியாழன்தோறும் ஆறரைக்குக் கண்மூடுகிறோம்.
எட்டுப் பேர்.
சாமி படம் கிடையாது. ஒரு விளக்கு,
அதுவும் உப்புக்காற்று விட்டால்.

முன்பெல்லாம் யார் வந்தாலும் பாய் விரித்தோம்.
அப்படித்தான் ஒருவர் வந்தார், கதர்ச் சட்டை,
எங்கள் எல்லோரையும்விட நிமிர்ந்த முதுகு.
நான்கு மாதம் அசையாமல் உட்கார்ந்தார்.
ஐந்தாம் மாதம் தீபாவளிச் சீட்டு என்று வாய் திறந்தார்.
ஆறாம் மாதம் பாய் மட்டும் இருந்தது.
'நல்ல மனிதர்' என்று அவருக்குச் சொன்னவள் நான்.

அதன்பிறகுதான் இந்த நோட்டு.
ஏழு வியாழன் வாசலோரம் உட்கார வேண்டும்.
எட்டாவது வியாழன் மூன்று பேர் கேட்போம்:
தேசிங்கு, அஞ்சலாட்சி, நான்.
கேள்விகள் பதினொன்று.
எல்லாம் நான் எழுதியவை, ஒரே ராத்திரியில், கோபத்தில்.
யார் சொல்லி வந்தீர்கள். யாருக்குக் கடன்.
இதற்குமுன் எங்கே உட்கார்ந்தீர்கள், ஏன் எழுந்தீர்கள்.
பதினொன்றாவது,
யாரையாவது விட்டுவிட்டு வந்தீர்களா.
அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

நேற்று சுப்பராயலு.
ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்ப்பவர், இருபத்திரண்டு வருஷம்.
ஏழு வாரமும் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தார்,
இரண்டு வாரம் தூங்கியும் போனார்.
இடது காது கேட்காது.
அஞ்சலாட்சி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்,
அவள் கேட்டதற்கெல்லாம் தேசிங்கிடம் பதில் சொன்னார்.

எதற்கு வருகிறீர்கள் என்றோம்.
"கரண்ட் போனா மெஷின் நிக்கும்ங்க.
ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள
ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்.
அப்போ ஒண்ணு கேக்குது.
என் காதா, அதுவான்னு தெரியல.
இங்க கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்குமேன்னு."

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

கீழே இருங்கள், பேசிச் சொல்கிறோம் என்றோம்.
பேசினோம்.
குடிப்பார் போலிருக்கிறது என்றார் தேசிங்கு.
அது டீசல் வாசனை என்றாள் அஞ்சலாட்சி.
அம்மோனியா என்று மாற்றிக்கொண்டார் தேசிங்கு.
பதினொன்றாவதுக்குப் பதிலே வரவில்லையே என்றேன்.
காதில் விழவில்லையோ.
விழுந்தும் சொல்லவில்லையோ.
ஃப்ளாஸ்க்கில் டீ தீர்ந்தது. மழை வந்து நின்றது.
"கதர்ச் சட்டை பதினொண்ணுக்கும் பதில் சொல்லியிருப்பான்"
என்றாள் அஞ்சலாட்சி, கண்ணாடியைத் துடைத்தபடி.
அதோடு பேச்சு முடிந்தது.

கீழே ஆளில்லை.
பம்ப் கடைப் பையன் சொன்னான்:
"ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு.
சேத்தா சரி, இல்லன்னாலும் சரியாம்.
ஞாயித்துக்கிழமை வந்து மேல அந்த ஃபேனைப் பாக்கறாராம்,
பேரிங் கத்துதாம்."

ஒன்பது வருஷமாக அதன் அடியில்தான் மௌனம் இருக்கிறோம்.

துறைமுகச் சாலையில் மூவரும் நடந்தோம்.
உப்பனாறு இருட்டுக்குள் படகுகளை இடித்துக்கொண்டிருந்தது.
கேட்டில் வாட்ச்மேன் முகத்தில் டார்ச் அடித்தார்.
யாரு. எங்கேர்ந்து. யாரைப் பாக்கணும்.
உறவா.
முன்னாடி வந்திருக்கீங்களா.
நோட்டை நீட்டினார், கயிற்றில் கட்டிய பேனாவோடு.
அஞ்சலாட்சி கேட்காமலே அப்பா பெயரையும் எழுதினாள்.
கடைசிக் கட்டம்: வந்த காரியம்.

பேனா என் கையில் கொஞ்சம் நின்றது.
'சேர்த்துக்கொள்ள' என்று எழுதினேன்.
யார் யாரை என்பதற்கு அதில் இடமில்லை.
வாட்ச்மேன் எழுத்துக்கூட்டிப் படித்தார்,
எங்களைப் பார்த்தார்,
"கேட்டுட்டு வரேன், இங்கயே நில்லுங்க."

நின்றோம்,
ஈரத் தரையில், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே.
உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.
மற்ற இருவரும் என்ன நினைத்தார்களோ,
நான்
கரண்ட் போகட்டும் என்று
காத்துக்கொண்டிருந்தேன்.