ஏழாம் நிபந்தனை

கடிதம் சிங்களத்தில் வந்தது.
தமிழ்ப் பிரதி பதினொரு நாள் கழித்து.
மேன்முறையீட்டுக்குத் தந்த முப்பதில்
மீதி பத்தொன்பது.

முன்னரே கட்டிய மாடியறை
இருந்துவிட்டுப் போகலாமாம்.
கீழே ஒன்பது நிபந்தனை.
ஏழாவது:
மேற்குச் சன்னலை அடைத்துவிட வேண்டும்,
எல்லைக்கு இடைவெளி ஓரங்குலம் போதாது.

வெள்ளவத்தையில்
இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே
கைக்குட்டையளவு கடல்
அந்தச் சன்னலில் மட்டும்தான் தெரியும்.

மனுவில் எல்லாம் எழுதினேன்,
காற்று, வெளிச்சம்,
இவருடைய மூச்சிழுப்பு.
படம் கீறிய நசீம்தீன் வாசித்துவிட்டு,
"கடலை வெட்டுங்க அக்கா,
சட்டத்தில அதுக்கு இடமில்லை" என்றார்.

வெட்டினேன்.

பார்வையிட வருவதற்கு முதல் நாள்
மேசன்பாஸ் சாரம் கட்டி
வெளிப்பூச்சைச் சுரண்டினார்.
செங்கல் தெரியத் தெரிய
எல்லை விலகிக்கொண்டே போனது.

அதிகாரி அளவுநாடாவை இரு தடவை பிடித்தார்.
மூன்றாம் தடவை என்னைப் பார்த்தார்.
பிறகு எழுதிக்கொண்டார்.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது,
இம்முறை இரு மொழியிலும்.

மழைக்கு அந்தச் சுவர் உறிஞ்சுகிறது.
கட்டிலைத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.
பூசிவிடலாமே என்கிறார் மேசன்பாஸ்.

பூசினால்
ஓரங்குலத் தடிப்பில்
நாங்கள் மறுபடி சட்டவிரோதம்.