ஓசூர், பதினொரு மணி

ஞாயிறு பதினொரு மணிக்கு முப்பத்தெட்டுப் பேர்.
நைட் ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்கு அது ராச்சோறு,
தூங்கி எழுந்து வருகிற பிள்ளைகளுக்கு டிபன்,
பாகலூரில் பஸ் ஏறும் நஞ்சப்பா வீட்டாருக்கு
மதியமும் அதுவே.

உப்புமா என்றேன்.
நாகவேணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.
அரிசியே ஊறப்போட்டாயிற்றாம்.

இட்லி நூற்றைம்பது. களி. கீரைக் கடைசல்.
கோழிக்குழம்பு; ருத்ரேஷ் தொடமாட்டான்,
அவனுக்கு வேறு கரண்டி என்று எழுது.
ராயக்கோட்டையில் தக்காளி கிலோ ஆறு ரூபாயாம்,
விளைவித்தவன் வயிறு எரியும்,
இருந்தாலும் ஒரு கூடை, சட்னிக்கு.

மாம்பழம் வாங்காதே.
வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை தொங்கும்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.
மிச்சத்தை எழுத முன்பக்கம் திருப்பினாள்.
பணம் கட்டக் கடைசி நாள்: நேற்று.

இருவரும் கிரைண்டரைப் பார்த்தோம்.