வெளிப் பாவனைக்கு மட்டும்

இரண்டாம் குறுக்குத் தெருவில்
குடைக்கடைக்கும் பொத்தான் கடைக்கும் நடுவே
ஓராள் அகலத்தில் ஒரு கடை.
நிஸ்வான் காகிதக் கீற்றில் ஒரு துளி விட்டான்,
என் கையில் தரவில்லை.
"பொறுங்க மிஸ். இப்ப இது கதைக்கிறதெல்லாம்
கலியாணத் தரகர்ட கதை.
பத்து நிமிஷம் போகட்டும்."

பத்து நிமிஷமும்
நாட்டாமிகள் வண்டி தள்ளி வழி கேட்டார்கள்.
கண்ணாடி அலுமாரியோடு ஒட்டி நின்றேன்.

பிறகு முகர்ந்தேன்.
சூடான பால்.
வெண்ணெயில் விழுந்த சீனி
கருகலாமா என்று யோசிக்கும் நொடி.
அதற்கும் அடியில் வனிலா,
கறுத்துச் சுருண்டு எண்ணெய் பிடித்த நெற்று,
கொஞ்சம் புதுச்செருப்பு, கொஞ்சம் ரம்.
வெட்கம் கெட்ட வாசம்.
சந்தனம் என்றால் புத்தி சொல்லும்.
இதுவோ நேரே வந்து மடியில் ஏறும்
பக்கத்து வீட்டுப் பிள்ளை,
பிசுக்குக் கையோடு.

எனக்குச் சீனி வருத்தம்.
பிளேன்டீக்கு ஒரு பனங்கட்டித் துண்டுகூடக் கடிக்காத
ஏழு வருஷம்.
கந்தோரில் யார் பிறந்தநாள் என்றாலும்
கேக் வெட்டும் கத்தி என்னிடம்தான் வரும்,
நம்பிக்கையான ஆள் என்று.

மூவாயிரத்து நானூறு சொன்னான்.
மூவாயிரத்துக்குத் தந்தான்.
பெட்டியின் முதுகில் மூன்று மொழியிலும்
வெளிப் பாவனைக்கு மட்டும்.

நூறாம் நம்பர் பஸ்
கொள்ளுப்பிட்டி தாண்டவில்லை,
பின் சீட்டில் ஒரு பெடியன்:
"ஆரோ கேக் கொண்டுபோகினம்."
எல்லோரும் அவரவர் மடியைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
அரைக்கிலோ பாகற்காய், கிளினிக் கொப்பி.
கண்டக்டர் மிச்சக் காசில்
பத்து ரூபாய் கூடத் தந்தான்.
வாசத்துக்கா, கணக்குப் பிழையா,
கேட்கவில்லை.

பம்பலப்பிட்டியில்
ஒவ்வொரு ஒழுங்கை வாயிலும் கடல்காற்று
ஒருதரம் எட்டிப் பார்த்தது.
உப்புப் பட்டதும் அது கொஞ்சம் அடங்கியது:
கேக் சுட்ட வீட்டின்
மறுநாள் காலை.

வெள்ளவத்தை கிளினிக்கில்
சந்தமாலி மிஸி விரலைக் குத்தினாள்.
குத்திய கையை விடவில்லை.
"இதென்ன, வட்டிலப்பமா?"
மீற்றரில் இருநூற்றுப் பதினொன்று.
இலக்கத்தையும் மணிக்கட்டையும்
மாறி மாறிப் பார்த்தாள்,
எதைக் கொப்பியில் எழுதுவதென்று
தெரியாதவள்போல.
ஊசி முனை அளவு ரத்தம், அதிலும் இனிப்பு.
அதற்கு மட்டும் ஏன் வாசம் இல்லை?

டொக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்,
"உண்மையைச் சொல்லுங்கோ, என்ன சாப்பிட்டனீங்கள்?"
"ஒண்டுமில்லை."
ஏழு வருஷத்தில் நான் சொன்ன பொய்களையெல்லாம்
நம்பிய மனுஷன்
இதை நம்பவில்லை.

இரவு, மூன்றாம் மாடி,
அடுப்படிக் கல்லில் எறும்பு நிரை.
மணிக்கட்டை அதன் வழியில் வைத்தேன்.
முன்னால் வந்தது நின்றது.
மீசையால் ஒரு தொடுகை.
வளைந்து போனது.
பின்னால் வந்த அத்தனையும்
அதே வளைவு.
அவை போகிற இடம் எனக்குத் தெரியும்,
குளியலறைப் பக்கம்.
என்னைப் பற்றி அவற்றிடம்
வேறு தகவல் இருக்கிறது.

விடியப்புறம் முதல் ரயில் போன அதிர்வில் முழித்தேன்.
தலையணையில் அது இன்னும் இருந்தது.
பால் இல்லை, வெண்ணெய் இல்லை.
காய்ந்த பலகை, அணைந்த தீக்குச்சி,
நடுவில் என் தோல்.
முகம் புதைத்தால் மட்டும் கேட்கிற குரல்.
நிஸ்வான், பத்து நிமிஷம் போதாது,
ஒரு முழு இரவு வேண்டும்
இது உண்மை கதைக்க.

கேட்டுக்கொண்டு கிடந்தேன் கொஞ்ச நேரம்.
பிறகு எழும்பிக் குளித்தேன்,
வேலைக்கு உடுத்தேன்,
குப்பியைத் திறந்து
தரகரை மறுபடி கூப்பிட்டேன்,
இரண்டு காதுக்கும் கீழே.