திரும்பி வந்தவை

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையாய் இருந்த கொட்டகை.
சாவி வாங்கிய அன்று தரையெல்லாம் பிசுபிசுப்பு,
ஓரமாய் ஒரு நீள எறும்பு வரிசை.
இதுதான் நம் அசெம்பிளி லைன் என்றான் மாதேஷ்.
எறும்பைக் காட்டிச் சொன்னானா
என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஒன்பது பேர். என் அட்டையில் எண் ஏழு.
கழுத்தில் மாட்டும் ஹெட்செட்,
விலை எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

பெயருக்காக மூன்று ராத்திரி சண்டை.
ஜப்பான்காரன் வைத்த மாதிரி இருக்கணும் என்றார் ஆடிட்டர்.
பேக்கிங் டேப்பைப் பல்லால் கடித்தபடி தஸ்தகீர்,
"செவின்னு வையுங்களேன், எல்லாருக்கும் ரெண்டு இருக்கு."
சிரித்தோம்.
அதற்குப் பிறகு யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

கான்பூரிலிருந்து முதல் விமர்சனம்:
பெட்டியைத் திறந்ததும் மாம்பழ வாசனை,
பாட்டை அப்புறம்தான் கேட்டேன், நான்கு நட்சத்திரம்.
ஐந்தாவது எங்கே போனது என்று
மாதேஷ் இரண்டு நாள் தூங்கவில்லை.

ஆடி மாதம் பெட்டிகள் திரும்பத் தொடங்கின.
"இடது காதில் ஒரு கொசு."
எல்லா ஊர்க்காரர்களுக்கும் அதே கொசு.
முந்நூறு, எழுநூறு, ஆயிரத்து நானூறு.
சிப் விற்றவன் மேல் பழி போட்டோம்,
பம்பாய் ஈரக்காற்றின் மேல்,
கூரியர்காரன் தூக்கி எறிவதன் மேல்.

நான்காவது மேசை நாகவேணி எழுந்து நின்றாள்.
"சால்டரிங் சூடு அந்த வாரம் பத்தலை. எனக்குத் தெரியும்.
அவசரம்னு சொன்னாங்க. ஓட்டிட்டேன்."

யார் அவசரம்னு சொன்னது?
கேட்டவன் மாதேஷ்.
சொன்னவனும் மாதேஷ்.
ஒருத்தரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும்.
வெளியே போய் பைக்கை இரண்டு உதை உதைத்தான்,
ஸ்டார்ட் பண்ண அல்ல.
உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு
பதினோரு நாள்
உடைந்த இந்தியில் போன் எடுத்தான்.
"ஹமாரா கல்தி, சார், ஹமாரா."
அதற்கு மேல் அவனுக்கு இந்தி தெரியாது.
அது போதுமாயிருந்தது.

இப்போது சூளகிரியில் கண்ணாடிக் கட்டடம்,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
நுழைவுச் சுவரில் ஆளுயர எழுத்தில் ஐந்து விழுமியங்கள்.
மூன்றாவது: உண்மையைத் துணிந்து சொல்.
புதிதாய்ச் சேர்பவர்களுக்கு ஸ்லைடு போடுகிறார்கள்:
"ஊழியர் ஒருவர்" குறையைச் சொன்னார்,
தலைமை செவிசாய்த்தது.
கேட்டவனும் சொன்னவனும் ஸ்லைடில் இல்லை.

மைக் என் கைக்கு வந்தபோது
ஒருவர் இல்லை, நாகவேணி என்றேன். நான்காவது மேசை.
கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.
"அந்த அக்கா இப்ப எந்த டிபார்ட்மெண்ட்?"

கம்பெனி பஸ் ஹைவேயோடு போய்விடும்.
அவள் ஊர் உள்ளே ஏழு கிலோமீட்டர்.
காலை ஷிப்ட் ஆறு மணி.
ஐந்து விழுமியங்களில் பஸ் இல்லை.

இதை நான் மைக்கில் சொல்லவில்லை.
டீ இடைவேளையில் சொன்னேன். அதற்கும் ஒரு மெயில் வந்தது.

பெங்களூர் ஏஜென்சியிலிருந்து ஒரு பையன்
குட்டிக் குப்பியை நீட்டினான்:
ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொட்டு,
பிராண்டின் பூர்வீக வாசனை.
முகர்ந்தேன்.
தோத்தாபுரியும் இல்லை, செந்தூராவும் இல்லை,
கல்யாண மண்டபத்து ஜூஸ்.
நல்லாயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மேலே என்ன முடிவெடுப்பார்களோ.

சாயங்காலம் ஒரு பெட்டி வந்தது, மறுபடியும் கான்பூர்.
திறந்தால் கடுகெண்ணெய் வாசனை,
யாரோ சமையலறையில் வைத்தே கேட்டிருக்கிறார்கள்.
கழுத்துப் பட்டையில் மஞ்சள் விரல் தடம்.
இடது காதில் வைத்துப் பார்த்தேன்.
ங்ங்ங்.

வாரண்டி முடிந்து நாற்பது நாள் என்கிறது திரை.
அந்தப் பொத்தானை அழுத்தாமல்
பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன்.