மூன்று மில்லிமீட்டர்

காந்தி வீதி ஞாயிறு சந்தையில்
ஜீன்ஸ் குவியலுக்கும்
குக்கர் கைப்பிடிகளுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
நாகூர் கனிக்கு அது என்னவென்று தெரியாது.
'மழைக்கு வண்டியில போட்டுக்கலாம் சார்,
ஒரு சொட்டு உள்ள எறங்காது' என்றார்.
தண்ணீர் உள்ளே இறங்கத்தான் இந்தச் சட்டை,
இறங்கியதை உடம்புச் சூட்டில்
பிடித்து வைக்கத்தான் என்று
நான் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏறும்.

மூவாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தார்.
முழங்காலை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை.
அக்குளில் இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்
முதுகில் ஒரே ஒரு நட்சத்திரம்.
ஜிப்பின் பல் ஒவ்வொன்றையும் தடவினேன்.
கடைசியில் மோந்தேன்.
எல்லோரும் உள்ளேயே மூத்திரம் விடுவார்கள்,
நானும் விடுவேன்.
ஆயிரத்து நூறுக்குப் படிந்தது.
பக்கத்துக் கடைக்காரர் 'பாவம்' என்றார்,
யாரை என்று தெரியவில்லை.

'பாண்டியில என்னய்யா குளுரு?'
குளிருக்கில்லை.
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்
புரொப்பெல்லரில் வலை சிக்கிய விசைப்படகின் அடியில்
கத்தியோடு போகிறவன் நான்.
கொட்டலசு பிடித்த பலகை முதுகில் உரசினால்
ஒரு வாரம் குப்புறத்தான் தூக்கம்.
சொறி வந்து சுற்றினால்
கழுத்தில் நெருப்புக் கயிறு.
இதுவரை ஒரு முழுக்கை பனியனும்
தேங்காய் எண்ணெயும்தான்.

முத்தியால்பேட்டை பங்க்சர் கடையில்
கறுப்புப் பசை வாங்கி
இரண்டு உதட்டிலும் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி
மேலே கேஸ் சிலிண்டரை வைத்தேன்.
அன்றைக்கு ராத்திரி ஹோட்டல் பரோட்டா.

கடலிலிருந்து வந்ததும்
நீல டிரம்மில் நல்ல தண்ணீர், ஒரு ரூபாய் ஷாம்பு.
உள்ளை வெளியாகத் திருப்பி
நிழலில்தான் உலர்த்த வேண்டும்.
வெயில் அதை அப்பளமாக்கிவிடும்.
கம்பி ஹேங்கர் தோளை அறுக்குமே என்று
பிவிசி குழாய்த் துண்டில் மாட்டினேன்.
ரீடிங் எடுக்க வந்த மின்துறைக்காரர்
இருட்டு நடையில் அதனிடம்
'சார், மீட்டர் எந்தப் பக்கம்?' என்று கேட்டிருக்கிறார்.

இடது முழங்கால் மட்டும் தேய்ந்திருக்கிறது.
முன்பு இதைப் போட்டிருந்தவர்
இடதை முதலில் ஊன்றுகிறவர்.
நான் வலது.
கொஞ்ச நாளாகப் படகடியில்
என்னைக் கேட்காமல் இடது முந்துகிறது.

கழுத்துப் பட்டைக்குள் வெள்ளை மார்க்கரில்
பெயர் இல்லை, ஊர் இல்லை,
'ஓ நெகட்டிவ்' என்று மட்டும்.
நான் பி பாசிட்டிவ்.
பேச்சு மூச்சில்லாமல் என்னைத் தூக்கிப்போய்
இதைப் படித்துவிட்டு
எவருடைய ரத்தத்தையோ ஏற்றிவிட்டால்?
நகத்தால் சுரண்டினேன்.
பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
தின்னர் ஊற்றினால் சட்டையே போய்விடும்.

அஞ்சலாட்சிக்கு ரத்த வங்கியில் வேலை.
டியூட்டி முடிந்து வந்தவள்
செருப்பைக் கழற்றாமலே
டியூப்லைட்டுக்குக் கீழே தூக்கிப்பிடித்துப் படித்தாள்.
'விடுங்க. இது யாருக்கும் ஏறும்.
எங்க ஃப்ரிட்ஜில இதுக்குத்தான் எப்பவும் அடிதடி.'
அப்புறம் சாப்பிட உட்கார்ந்து
குழம்பில் உப்பு இல்லை என்றாள்.

நாலு மணிக்கு போன்.
அமலோற்பவம் படகு, நைலான் கயிறு,
ஆறு மணிக்குள் கிளம்பியாக வேண்டுமாம்.
பாம்பு கழற்றிப் போடுவதை
நான் நின்றபடி மாட்டுகிறேன்,
கால், இடுப்பு, ஒரு கை, மறு கை.
முதுகு ஜிப் எனக்கு எட்டாது.
அஞ்சலாட்சி கண்ணைத் திறக்காமலே எழுந்து
வில்லியனூர் மாதாவுக்கு ஏற்றி மிஞ்சிய மெழுகுவர்த்தியைப்
பல்வரிசையில் ஒருதரம் இழுத்து
'மூச்சப் பிடிங்க' என்றாள்.
பிடித்தேன்.
கழுத்து வரை ஏறியது.

வெளியே தூறல்.
வண்டியை உதைத்தேன்.
மறைமலையடிகள் சாலை முடியும்வரை
ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.