இரண்டாவது வயர்

செல்லூரில் ஒன்றுவிட்ட நாள் தண்ணீர்.
எத்தனை மணிக்கென்று
திறந்துவிடும் ஆளுக்கே தெரியாது.
அதனால் இது:
கீழே குழாய் வாய்க்கு நேரே இரண்டு ஆணி,
பக்கத்தில் மூன்று பென்சில் செல்.
மேலே என் அடுப்படி அலமாரியில்
பழைய போன் சார்ஜரில் ஓடும் சின்ன போர்டு,
ஆணிகளைத் தண்ணீர் நனைத்ததும் கத்த ஒரு பஸ்ஸர்.
டவுன்ஹால் ரோட்டில் நானூற்றுப் பத்து ரூபாய்.

முதல் ராத்திரி ஒன்றுமே அசையவில்லை.
பிரெட்போர்டின் ஓரத்துச் சிவப்புக் கோடு
நடுவில் ஒரு விரற்கடை அறுந்திருக்கிறது.
கோடு அறுந்த இடத்தில்
உள்ளே தகடும் அறுந்திருக்குமாம்.
பாதிப் பலகைக்கு மின்சாரம்,
மீதிக்கு வெறும் ஓட்டைகள்.
கண்டுபிடிக்க மூன்று மணிநேரம்,
சரிசெய்ய அரை அங்குல வயர்.

இரண்டாம் ராத்திரி
கிரவுண்ட் என்றால் தரை என்று நம்பி
கறுப்பு வயரை ரோஜாத்தொட்டி மண்ணில் சொருகினேன்.
சிரிக்க வேண்டாம்.
ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள் நான்.

மூன்றாம் ராத்திரி
தண்ணீர் வராமலே கத்தியது.
டியூப்லைட் போட்டால் கத்தியது.
கை வயர்ப்பக்கம் போனாலே கத்தியது.
விடிகாலை நிஜமாகவே தண்ணீர் வந்தபோது
வாயைத் திறக்கவில்லை.

கீழிருந்து மேலே ஒற்றை வயர்தான் இழுத்திருந்தேன்.
சேதி வர ஒன்று போதாதா?
போதாது.
கீழே செல்கள் சொல்வது நாலரை,
தங்கள் பூஜ்யத்திலிருந்து நாலரை.
மேலே சார்ஜர் சொல்வது ஐந்து,
அது வேறு பூஜ்யம்.
எட்டாவது படியில் நிற்கிறேன் என்றால்
எந்தத் தரையிலிருந்து எட்டாவது?
மண் இல்லை கிரவுண்ட்.
இங்கிருந்து எண்ணுவோம் என்று வைத்துக்கொண்ட இடம்.
போன மின்சாரம் வீடு திரும்பும் வழியும் அதுதான்.

ஆக, இன்னொரு வயர்.
செல்லின் கழித்தல் முனையிலிருந்து
போர்டில் ஜி.என்.டி. என்று எழுதிய காலுக்கு.
கூடவே, சும்மா மிதக்கும் உள்ளீட்டைக் கட்டிவைக்க
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்: ஒரு லட்சம் ஓம்.
ரெசிஸ்டர் இருக்கிறது.
வயர் இருக்கிறது, இருபத்தாறு அடி.
முதல் வயர் நுழைந்த சந்தில் இது நுழையாது.
இனி ஒரே வழி
கீழ்வீட்டு ஜன்னல் கம்பி.

கீழ்வீட்டு ரெஜினாக்காவும் நானும் பேசி
இரண்டு மாதம்.
அவர் மோட்டார் போட்டால் எனக்கு வராது,
நான் போட்டால் அவருக்கு.
கேட்டில் நின்று அன்றைக்குப் பேசியதை
இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிறு, அவர் பூசை முடிந்து வரும் நேரம்,
சுருளோடு போய்க் கதவைத் தட்டினேன்.
“என்னது, கரண்டா?”
நாலரை வோல்ட்தான்க்கா, ஒண்ணும் செய்யாது.
“நான் என்ன செய்யணும்?”
நுனியைப் பிடிச்சுக்கங்க, நான் மேலேருந்து இழுக்கிறேன்.
“அம்புட்டுத்தானா.”
பட்டுச்சேலையை மாற்றாமலே
ஜன்னலோரம் பிடித்து நின்றார்.
நான் இழுத்து முடித்த பிறகும்
“விடலாமா, விடலாமா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய், மூன்று நாற்பது.
கத்தியது.
மோட்டார் சுவிட்சில் கை வைக்கப்போன என்னைக்
கீழிருந்து ஒரு குரல்:
“இந்திராணி, ஒனக்குக் கேட்டுச்சா?”
கேட்டுச்சுக்கா. நீங்க மொதல்ல போடுங்க.
“இல்ல, நீ போடு. ஒன் மிஷினு.”
பரவாயில்ல, நீங்க போடுங்க.
“வேலைக்குப் போறவ, நீ போடும்மா.”
மாடிப்படியில் பாதி இறங்கி நானும்
பாதி ஏறி அவரும்
இப்படியே ஒரு பதினைந்து நிமிடம்.

பஸ்ஸர் நின்றது.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
போர்டில் ஒரு குறையும் இல்லை.
தண்ணீர்தான் நின்றுவிட்டது.